வலது காதில் கேட்ட குரல்

“எந்தக் காதுல கேட்டுச்சு?” என்று கேட்டார் அத்தை.

சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். மூன்று வாரமாக அவரைக் கேள்விகளால் துளைத்திருந்தார்கள். விமானக் கம்பெனி கேட்டது, காப்பீட்டு ஆட்கள் கேட்டார்கள், கடைசியில் ஒரு மனநல டாக்டர் தலையைச் சாய்த்துக்கொண்டு குழந்தையிடம் கேட்கிற தொனியில் கேட்டார். சத்தம் எப்போது கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டது, இதற்கு முன்பு இப்படி ஏதாவது கேட்டிருக்கிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா. எந்தக் காது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

“காதா?”

“ஆமாம்மா. ரெண்டு இருக்குல்ல. அதுல எது?”

“ஜாக்கிரதை மேடம். ரெண்டுக்கும் நடுவுல சண்டை மூட்டி விடப் போறாங்க” என்றான் வாலு.

வாலு அத்தையின் அண்ணன் மகன், அவருடைய துப்பறியும் நிலையத்தின் ஒரே ஊழியன், டிரைவரும் அவனே. முப்பது தாண்டியும் வால்தனம் போகாததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அத்தை பாதி ஆயுளைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய் விபத்துகளைப் பிடிப்பதிலேயே கழித்தவர். ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் அதே வேலையைச் சொந்தமாகச் செய்துகொண்டிருந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பிணவறை வரை எல்லாருக்கும் அவர் அத்தைதான். சொந்தப் பெயர் மின்சார பில்லில் மட்டும் இருந்தது.

“முதல்லேருந்து ஒரு தடவை சொல்லுங்க” என்றார் அத்தை.

கேப்டன் சொன்னார். சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டிருந்தது.

மழைக்கால மாலை. ஒரு பக்கம் மலை உள்ள விமான நிலையம். கேப்டன் இடப்பக்க இருக்கையில், இளம் துணை விமானி வலப்பக்க இருக்கையில். துணை விமானிக்குப் பின்னால், சுவரோரம் இருந்த மடக்கு இருக்கையில் பரிசோதகர். பல வருட அனுபவம் உள்ள விமானிகளையும் அவ்வப்போது கூடவே பறந்து மதிப்பிடுகிற பெரிய மனிதர் அவர். விமானம் மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. ‘புல் அப்! புல் அப்!’

தரையை ஆபத்தான அளவுக்கு நெருங்கிவிட்டால் விமானமே விமானிக்குப் போடுகிற கூச்சல் அது. மேலே தூக்கு என்று அர்த்தம். அந்தக் குரல் கேட்டால் முதலில் தூக்க வேண்டும், ஏன் எதற்கு என்கிற ஆராய்ச்சியெல்லாம் உயரே போன பிறகுதான். விமானிகளுக்கு அதை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கேப்டனும் அதைத்தான் செய்தார். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு சீறி ஏறியது.

அந்த நொடியில் ஒரு குழந்தையின் பெல்ட்டைச் சரிசெய்ய எழுந்திருந்த பணிப்பெண், பின்பக்கம் தூக்கி எறியப்பட்டாள். முதுகெலும்பில் முறிவு. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். எழுந்து நடப்பாளா என்று டாக்டர்கள் வாய் திறந்து சொல்லவில்லை.

விமானம் சுற்றி வந்து பத்திரமாக இறங்கியது. பிறகு தகவல் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அன்றைக்கு எச்சரிக்கை எதுவும் எழவேயில்லை என்றது பெட்டி. எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றான் துணை விமானி. எனக்கும்தான் என்று வருத்தத்தோடு சொன்னார் பரிசோதகர்.

“நாளைக்குக் காலைல விசாரணை” என்றார் கேப்டன். “என் மண்டைக்குள்ள கேட்ட குரலுக்காக ஒரு பொண்ணோட முதுகை உடைச்சிட்டேன்னு தீர்ப்பு எழுதப் போறாங்க. லைசென்ஸ் போனா போகட்டும். எனக்கே இப்பல்லாம் சந்தேகம் வருது. ராத்திரி குக்கர் விசிலடிச்சாகூட, நிஜமா அடிச்சுதான்னு இவரைக் கேக்கறேன்.”

இவர் என்றது சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்ற கணவரை. பள்ளியில் கணக்கு வாத்தியார். அத்தையைத் தேடிப் போய்க் கூட்டி வந்தவர் அவர்தான்.

“இப்பக் காதுக்கு வாங்க” என்றார் அத்தை. “விமானம் ஓட்டும்போது ஹெட்செட் மாட்டியிருப்பீங்கல்ல?”

“மாட்டியிருப்பேன். ஆனா இடது காதை மட்டும்தான் மூடுவேன். வலது காதுக்கு மேல ஏத்தி விட்டிருப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் பேசறது நேரடியா கேக்கணுமே. இந்தப் பக்கம் உக்காரற நிறைய பேர் அப்படித்தான் போடுவாங்க.”

“அன்னைக்கு?”

கேப்டன் கண்ணை மூடினார். அவர் கை தன்னால் எழுந்து வலது காதைத் தொட்டது. “இங்க. இந்தப் பக்கம்தான். கொஞ்சம் பின்னாலேருந்து.”

“இடது காதுல?”

“இல்லை. அதுல கண்ட்ரோல் டவர்க்காரர் பேசிக்கிட்டிருந்தார்.”

“நிஜமான எச்சரிக்கை எதுல வரும்?”

“ரெண்டுலயும். ஸ்பீக்கர்லயும் வரும், ஹெட்செட்லயும்…” கேப்டன் பாதியில் நிறுத்தினார். தொட்ட கை காதிலேயே நின்றது.

“மனசுக்குள்ள கேக்கற குரல் எந்தக் காது மூடியிருக்கு, எது திறந்திருக்குன்னு பாத்து வராதும்மா” என்றார் அத்தை. “நீங்க கேட்டது நிஜக் குரல். ஆனா அதைப் போட்டது விமானம் இல்லை. விமானத்துக்குள்ள இருந்த யாரோ.”

வாத்தியார் தட்டோடு ஓரடி முன்னால் வந்தார். “அப்போ இவளுக்கு ஒண்ணும் இல்லையா?” என்றார்.

கேப்டன் மெல்லத் திரும்பினார். “நீங்களும் சந்தேகப்பட்டீங்களா?”

வாத்தியார் காபியையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. வாலுவுக்கே அந்த இடத்தில் வாயைத் திறக்கத் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“காக்பிட்ல பேசறதையெல்லாம் இன்னொரு பெட்டி பதிவு பண்ணுமாமே” என்று பேச்சை மாற்றினார் அத்தை.

“பண்ணும். ஆனா விமானத்துக்குக் கரண்ட் இருக்கிற வரைக்கும் பழசை அழிச்சிட்டுப் புதுசைப் பதிஞ்சிக்கிட்டே போகும். இந்த மாதிரி ஏதாவது நடந்தா இறங்கின உடனே அதை நிறுத்தி வைக்கணும். நான் அந்தப் பொண்ணோட ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். யாரும் நிறுத்தலை. எல்லாம் அழிஞ்சு போச்சு.”

“நீங்க ஏறினப்போ காக்பிட்ல யாரு இருந்தா?”

“அவங்க ரெண்டு பேரும்தான்.”

அத்தை காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். அது நல்ல சகுனம். ஒன்றும் பிடிபடாத நாட்களில் அவர் காபியை ஆற விட்டுவிடுவார்.

காரில் ஏறியதும் அத்தை கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். எந்த வண்டியில் ஏறினாலும் அவருக்கு வயிற்றைப் புரட்டும்.

“விமான கேஸை எடுத்துக்கிட்டு, மாருதி கார்லயே குமட்டுதுன்னா எப்படி அத்தை?”

“ரோட்டைப் பாரு. அந்தப் ‘புல் அப்’ சத்தம் உன் போன்ல கிடைக்குமா, தேடு. ஓட்டும்போது வேண்டாம், சிக்னல்ல.”

சிக்னலில் வாலு தேடினான். பச்சை விழுவதற்குள் காருக்குள் அந்தக் கரகரத்த குரல் உரத்துக் கூவியது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் திடுக்கிட்டு வானத்தைப் பார்த்தார்.

“சும்மாவே கிடைக்குது அத்தை. ரிங்டோனாகூட வெச்சிருக்கானுங்க. அப்போ விஷயம் முடிஞ்சுது. அந்தத் துணை விமானிப் பையனோட போன் அடிச்சிருக்கு. தரை இறங்கும்போது போனை அணைக்கலைன்னு தெரிஞ்சா வேலை போயிடும்னு பொய் சொல்றான். கேஸ் க்ளோஸ். சாப்பிடப் போலாம்.”

“போலாம். அவனைப் பாத்துட்டு.”

துணை விமானி கம்பெனி குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தான். கதவைத் திறந்தவன் கையில் இஸ்திரிப் பெட்டி. அறைக்குள் மேஜைமேல் வெள்ளைச் சீருடைச் சட்டை விரிந்து கிடந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். தூங்கிப் பல நாள் ஆனவன் முகம்.

“எல்லாம் ஏற்கெனவே சொல்லிட்டேங்க” என்றான்.

“தெரியும் தம்பி. உங்க போனை ஒரு நிமிஷம் பாக்கலாமா?”

மறுப்பான் என்று எதிர்பார்த்தான் வாலு. துணை விமானியோ பூட்டைத் திறந்தே கொடுத்தான். “அன்னைக்கு இது என் பைல அணைஞ்சு இருந்தது. தாராளமா பாருங்க.”

வாலு துருவினான். ரிங்டோன் சாதாரண மணிச்சத்தம். வேறு குரல் எதுவும் இல்லை. “ஒண்ணும் இல்லை அத்தை. இவங்க அம்மா விடாம கூப்பிட்டிருக்காங்க, இவர் ஒண்ணைக்கூட எடுக்கலை. அது குற்றம்னா முதல்ல என்னைத்தான் உள்ள வைக்கணும்.”

“எடுத்தா, என்னடா குரல் ஒரு மாதிரி இருக்குன்னு கேப்பாங்க” என்றான் துணை விமானி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். திரும்பிப்போய்ச் சட்டைக் கையை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தான்.

“கேப்டன் விமானத்தைத் தூக்கினாங்களே. நீங்க என்ன பண்ணீங்க?” என்றார் அத்தை.

“என் வேலையைப் பண்ணேன். சக்கரத்தை உள்ள எடுத்தேன். இறங்கலை, மறுபடி சுத்தி வர்றோம்னு டவருக்குச் சொன்னேன்.”

“ஏன் தூக்கறீங்கன்னு அவங்களைக் கேட்டீங்களா?”

“அதுக்கு அப்ப நேரம் இல்லைங்க.”

“வாஸ்தவம். மேல போன பிறகு?”

அவன் சட்டையைப் புரட்டிப் போட்டான்.

“சுத்தி வந்து இறங்கற வரைக்கும் நிறைய நேரம் இருந்திருக்குமே தம்பி. ஒரு சத்தமும் கேக்கலை, ஒரு விளக்கும் எரியலை, திடீர்னு ஒருத்தங்க விமானத்தைச் செங்குத்தா தூக்கறாங்க. என்னாச்சு மேடம்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

“எங்க வீட்ல நான் டிவி சேனலை மாத்தினாலே ஏண்டா மாத்தினேன்னு நாலு பேர் கேப்பாங்க” என்றான் வாலு.

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. துணி கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அவன் பதறி எடுத்தான். தோள்பட்டைக்குக் கீழே முக்கோணமாக ஒரு பழுப்புத் தடம் விழுந்திருந்தது.

“நாளைக்கு இதைத்தான் போட்டுக்கணும்” என்றான் அழாத குறையாக. “தயவுசெஞ்சு போங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலை.”

படியிறங்கும்போது வாலு துள்ளினான். “கேட்டிருக்கு அத்தை. இவனுக்கும் கேட்டிருக்கு! ஏன்னு கேக்காததுக்குக் காரணம், ஏன்னு தெரியும்.”

“கேட்டிருக்கு. ஆனா போன் இவனோடது இல்லை.”

“இன்னொண்ணு வெச்சிருந்திருப்பான்.”

“இருக்கலாம்” என்றார் அத்தை. அவர் ‘இருக்கலாம்’ என்றால் இல்லை என்று பொருள். வாலுவுக்கு அது தெரியும். அதனால்தான் அடுத்து எங்கே போவது என்று கேட்காமல் காரை எடுத்தான்.

பயிற்சி மையத்தில் பரிசோதகர் அவர்களை வாசல்வரை வந்து வரவேற்றார். நரைத்த தலை, மெல்லிய குரல், தேய்ந்து போயிருந்தாலும் பளபளக்கிற ஷூ. அறைச் சுவர் முழுக்க அவரிடம் படித்துத் தேறியவர்களின் குழுப் புகைப்படங்கள். அதில் ஒன்றில், சின்னப் பெண்ணாக, எல்லாரையும்விட அகலமாகச் சிரித்துக்கொண்டு கேப்டனும் நின்றிருந்தார்.

“என் மக மாதிரி” என்றார் பரிசோதகர். “நான்தான் கத்துக்கொடுத்தேன். அவளுக்கு எதிரா சாட்சி சொல்லணும்னு வந்திருக்கு பாருங்க. சாப்பாடே இறங்கலை. வேலைச் சுமை, தூக்கம் இல்லை, மனசுதானே. சிகிச்சை எடுத்தா சரியாயிடும்னு நானே எழுதிக் கொடுக்கறேன்.”

அவர் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அத்தை பார்க்காத நடிப்பா?

“சார், எனக்கு விமானம்னா ஜன்னலோர சீட் மட்டும்தான் தெரியும்” என்றார் அத்தை. “அன்னைக்கு நடந்தது மாதிரியே ஒரு தடவை ஓட்டிக் காட்ட முடியுமா? உங்ககிட்ட அதுக்கு மெஷின் இருக்குன்னாங்க. கேப்டனையும் வரச் சொல்லியிருக்கேன். எச்சரிக்கை வரலைன்னு அவங்களே பாத்துட்டா, மனசைத் தேத்திக்கிட்டு சிகிச்சைக்குப் போயிடுவாங்க.”

பரிசோதகர் யோசித்தார். “நல்லதுதான். அவளுக்கு அது உதவும்” என்று சொல்லி, துணை விமானியைப் போனில் அழைத்தார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். வாத்தியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அந்த மெஷின் வெளியிலிருந்து பார்க்க ஆறு இரும்புக் கால்களில் நிற்கிற வெள்ளைப் பெட்டி. உள்ளே அச்சு அசலாக விமானத்தின் காக்பிட். கண்ணாடிக்கு வெளியே திரையில் வானம். திருப்பினால் அறையே சாயும், ஏற்றினால் அறையே ஏறும்.

“அத்தை, இதுல எந்த பட்டனைத் தொட்டா காபி வரும்?”

“நீ எதையும் தொடாதே. கேப்டனுக்குப் பின்னாடி, இடது மூலைல போய் நில்லு. பாக்கெட்லேருந்து கையை எடுக்காதே. நான் இருமினா உன் வேலையைப் பாரு” என்று காதோடு சொன்னார் அத்தை. அத்தை நடுவில் நின்றார், எலுமிச்சம்பழத்தோடு.

கேப்டன் இடப்பக்கம் உட்கார்ந்தார். துணை விமானி வலப்பக்கம். அவனுக்குப் பின்னால், சுவரோர இருக்கையில் பரிசோதகர். அவர் முன்னால் மெஷினை இயக்கவும் நிறுத்தவும் ஒரு திரை.

“அன்னைக்கு எப்படியோ அப்படியே” என்றார் பரிசோதகர். “மேகம் போட்டிருக்கேன்.”

கண்ணாடி சாம்பலாக மாறியது. அறை லேசாக முன்பக்கம் சாய்ந்தது. கேப்டன் இடது காதை மூடினார், வலது காதின் மேல் ஹெட்செட்டை ஏற்றி விட்டார். சக்கரம் என்றார், இறங்கியாச்சு என்றான் துணை விமானி. உயரம் குறைந்துகொண்டே வந்தது. அத்தை உயரம் காட்டும் முள்ளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. வலப்பக்க இருக்கையில் இருந்த பின்னந்தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருமினார்.

‘புல் அப்! புல் அப்!’

இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடந்தது. துணை விமானியின் தலை விருட்டென்று வலது தோளுக்கு மேலாகத் திரும்பியது. கேப்டனின் கைகளோ தூக்கவில்லை. பிடியை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டன.

“எனக்குத்தான் கேக்குது” என்றார் கேப்டன். “மறுபடியும் எனக்கு மட்டும்தான் கேக்குது!”

“இல்லைம்மா, எல்லாருக்கும் கேட்டுச்சு. வாலு போட்டான்” என்றார் அத்தை. அவர் குரலில் இருந்த கோபத்தை வாலு அதற்கு முன் இரண்டொரு தடவைதான் கேட்டிருந்தான். “தம்பி, எச்சரிக்கை கேட்டா விமானி முன்னாடி இருக்கிற விளக்கைப் பாப்பான். நீங்க பின்னாடி பாத்தீங்க. சரி, சத்தம் பின்னாலேருந்துதானே வந்ததுன்னு சொல்லலாம். ஆனா வாலு நிக்கறது இடது மூலைல. சத்தம் வந்ததும் அங்கேருந்துதான். உங்க தலை திரும்பினது வலப்பக்கம். அங்க யாரு உக்காந்திருக்கா?”

துணை விமானி இன்னும் திரும்பியபடியே இருந்தான். பரிசோதகரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில் போன் இருக்கிறதா என்று.

“நீங்களும் ஏன்னு கேக்கலை சார்” என்றார் அத்தை. “உங்க மக மாதிரி பொண்ணு. காரணமே இல்லாம விமானத்தைத் தூக்கறா. ஏம்மான்னு கேக்காத அப்பா யாரு? அவ ஆம்புலன்ஸ்ல ஏறின பிறகு, பதிவுப் பெட்டியை நிறுத்தாம விட்டது யாரு?”

“சார் போனைப் பாக்கெட்ல வைக்கறதைப் பாத்தேன்” என்று வெடித்தான் துணை விமானி. “வாயைத் திறக்காதே, அடுத்த வருஷம் கேப்டன் பரீட்சை இருக்குல்லன்னார். மன்னிச்சிடுங்க மேடம். மன்னிச்சிடுங்க.”

கேப்டன் காதிலிருந்து கையை எடுத்தார். “சார்?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் பழைய மாணவியின் குரல் இருந்தது. இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிற குரல்.

பரிசோதகர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

“அந்த மலைக்குப் பக்கத்துல எச்சரிக்கை பொய்யா கத்தும்” என்றார் கைகளுக்குள்ளிருந்து. “வருஷக்கணக்கா கத்துது. கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பழகிப் போச்சு. அது அப்படித்தான் கத்தும், விடுன்னு சொல்லிட்டு இறங்கிடறாங்க. ஒருநாள் அது நிஜமா கத்தும், அன்னைக்கும் விடுன்னு சொல்லிட்டு நேரா மலைல போய் மோதுவாங்கன்னு மேலிடத்துல தொண்டை கிழியக் கத்தினேன். யாரு கேட்டா? எல்லாம் ஒழுங்கா கத்துக்கிட்ட பசங்க, எச்சரிக்கை வந்தா தூக்குவாங்கன்னாங்க. அதான் நானே பாக்கலாம்னு…”

“பயணிகள் இருக்கிற விமானத்துல?”

“மெஷின்ல எல்லாரும் ஒழுங்கா தூக்குவாங்கம்மா. மெஷின்ல யாரும் சாக மாட்டாங்களே. நிஜ விமானத்துல, நிஜ மேகத்துல பாத்தாதான் தெரியும். பல பேர்கிட்ட பாத்துட்டேன். மாட்டினதே இல்லை, ஏன்னா அங்க அது கத்தறது வழக்கம். ஒருத்தர் சிரிச்சார். ஒருத்தர் பேசிக்கிட்டிருந்த பேச்சைக்கூட நிறுத்தலை.”

அத்தை எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து இறக்கினார். காப்பீட்டுத் தொழிலில் எத்தனையோ பொய் பார்த்தவர். இப்படி ஒரு உண்மையை எதிர்பார்க்கவில்லை.

“அத்தனை பேர்ல யாருமே தூக்கலையா?” என்றார்.

“ஒருத்தர்கூட இல்லை. அன்னைக்கும் நடக்காதுன்னுதான் நினைச்சேன். இவ தூக்கினா. இவ ஒருத்தி மட்டும்தான் தூக்கினா. எனக்குச் சந்தோஷத்துல நெஞ்சே அடைச்சுது. அப்புறம் பின்னாலேருந்து அந்தப் பொண்ணு அலறினது கேட்டுச்சு. பயந்துட்டேன்.”

“நான் சரியா செஞ்சேன்னு தெரிஞ்சுக்கிட்டே” என்றார் கேப்டன், “என்னைப் பைத்தியம்னு சொன்னீங்களா சார்?”

பரிசோதகரின் தோள் குலுங்கியது. துணை விமானி மடியில் தலையைக் கவிழ்த்திருந்தான். அறை இன்னும் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போவதை அவர்களில் யாரும் கவனிக்கவில்லை. மெஷினை நிறுத்த வேண்டியவர் அழுதுகொண்டிருந்தார். ஓட்ட வேண்டியவர் பிடியை விட்டு வெகு நேரமாகியிருந்தது. வெளியே சாம்பல் மேகம் விரைந்து ஓடியது.

‘புல் அப்! புல் அப்!’

வாலு பதறிப்போய் இரண்டு கையையும் மேலே தூக்கினான். “நான் இல்லை அத்தை! சத்தியமா நான் இல்லை!”

முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. மேகம் ஒரு நொடி கிழிந்து, கண்ணாடி முழுக்கப் பாறையும் புதரும் தெரிந்தன. துணை விமானி தலையைத் தூக்கினான், அவ்வளவுதான். பரிசோதகர் வாயைத் திறந்தார், அவ்வளவுதான்.

கேப்டனின் கைகள் ஏற்கெனவே பிடியில் இருந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை. ஒரு கை இயந்திரத்தை முழு வேகத்துக்குத் தள்ளியது, மறு கை பிடியைத் தன் பக்கம் இழுத்தது. அறை மல்லாந்தது. வாலு கால் தடுமாறிப் பின்சுவரில் போய் விழுந்தான். எலுமிச்சம்பழம் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பாறை கண்ணாடியின் அடிப்பக்கமாக நழுவி மறைந்தது. குரல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மேகத்துக்கு மேலே வந்துவிட்டார்கள். வெளியே திரை முழுக்க வெயில்.

“அத்தை, நான் உயிரோட இருக்கேனா?” என்றான் வாலு தரையிலிருந்து.

“வாய் ஆடுதே, அப்போ இருக்கே” என்றார் அத்தை, கேப்டனின் இருக்கையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்தபடி.

கேப்டன் விமானத்தை நேராக்கினார். கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பினார்.

“சார், இப்ப வந்தது நிஜமா, இல்லை இதுவும் சோதனையா?”

“நிஜம்மா” என்றார் பரிசோதகர். “மெஷினே கொடுத்தது.”

“எனக்குத் தெரியலை. ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு” என்றார் கேப்டன். “அதனாலதான் சார் தூக்கினேன்.”

பரிசோதகர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அத்தையின் கையில் வைத்தார். நாளைக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றார்.

“நாளைக்கு அங்க சொல்லுங்க” என்றார் கேப்டன் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே. “இன்னைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. எதுக்காகத் தன் முதுகு உடைஞ்சுதுன்னு அந்தப் பொண்ணு தினமும் என்னைக் கேக்கறா. எனக்குப் பதில் தெரியாம இருந்தது.”

கதவைத் திறந்ததும் வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். உள்ளே கேட்ட சத்தம் வெளிவரை வந்திருக்க வேண்டும்.

“உள்ள ஏதோ கத்துச்சே, நிஜமா கத்துச்சா?” என்றார்.

கேப்டன் அவரை நேராகப் பார்த்தார். “கத்துச்சுங்க. எனக்குக் கேட்டுச்சு” என்று சொல்லிவிட்டு, பரிசோதகருக்கு முன்னால் படியிறங்கினார்.